ராணுவத்தில் எந்தப் பணி?

கேள்வி: பயோ-மேத்ஸ் பிரிவில் பிளஸ் டூ முடித்த என் மகன், ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டென்ட் ஆவதா, வாகன மெக்கானிக் ஆவதா என்று தயங்குகிறான். பணிக்காலம் முடிந்து வந்தபின் எது கைகொடுக்கும்?
– வாசகி, வேலூர்

பதில்: நர்சிங் அசிஸ்டென்ட் ஒருவர் லக்னோவிலுள்ள ராணுவ மருத்துவப் படை மையத்தில் பயின்று, காயத்துக்குக் கட்டுப் போடவும் ஊசி போடவும் தேர்ந்தவராக வெளியே வந்தாலும், நர்ஸாகப் பணியாற்ற மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு வேண்டும் என்பதால், ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) போன்ற படிப்பு இல்லாதவர் தனியார் மருத்துவமனையில் உதவியாளராகவே நின்றுவிட நேரலாம். (அனுபவத்துக்கு மதிப்பில்லையா என்று கேட்பீர்கள், சட்டம் சான்றிதழைத்தான் கேட்கிறது.) ராணுவ வாகனங்களைப் பழுதுபார்க்கும் இ.எம்.இ. பிரிவின் மெக்கானிக்கோ லாரி எஞ்சினைக் கழற்றிப் பூட்டிய கையோடு வருகிறார். பட்டறையில் எவரும் பதிவுச் சான்று கேட்பதில்லை. ஆனால் அக்னிவீரராகச் சேர்பவருக்கு 4 ஆண்டுகளே பணி, அதன்பின் 25 சதவீதத்தினர் வரையே நிரந்தரமாக்கப்படுவர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். எனினும் மெக்கானிக் பணியையே நான் பரிந்துரைப்பேன்.