உப்பா, மணலா?

கேள்வி: என் மகன் கனடாவில் வின்னிபெக் நகரில் இருக்கிறான். பனிக்காலத்தில் சாலையில் சில நாள் உப்பும் சில நாள் மணலும் போடுகிறார்களாம். ஏன் இந்த மாற்றம்?
– வாசகி, தக்கலை

பதில்: உப்பு பனிக்கட்டியை உருக்கும், அம்மா. மணல் உருக்காது, டயருக்கும் செருப்புக்கும் பிடிமானம் தரும், அவ்வளவுதான். குல்ஃபிக்காரர் ஐஸ்கட்டியோடு கல்லுப்பைச் சேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யம் டிகிரியில் உறையாது. ஆனால் குளிர் மைனஸ் 10க்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு மிக மெதுவாகவே வேலை செய்யும். வின்னிபெக்கில் மைனஸ் 25கூடச் சகஜம். அப்போது மணல்தான் கைகொடுக்கும். வசந்தம் வந்ததும் அதைக் கூட்டி அள்ளவேண்டும் என்பது தனிப்பாடு.

புத்தளம் உப்பள வரப்பில் சைக்கிளில் பள்ளிக்குப் போனவன் நான். இரண்டே ஆண்டில் மட்கார்டு பொரிப்பொரியாகத் துருவேறி, விரல் பட்டாலே உதிர்ந்தது. சாலையில் போடும் உப்பும் காரை அப்படித்தான் அரிக்கும். உருகிய நீரோடு ஓடைக்கும் போய்ச் சேரும். அதைத் திரும்ப அள்ளமுடியாது என்பதால், முடிந்த இடத்திலெல்லாம் மணலே மேல் என்பேன். குளிர் சற்றுத் தணியும் நாள்களில் காரின் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள்.