ஏற்காட்டுக்கு வந்ததும் குழந்தை மறுபடி நனைக்கிறானே, ஏன்?

சேலத்தில் டயப்பரை விட்டுவிட்ட இரண்டரை வயது மகன், ஏற்காட்டுக்குக் குடிவந்த பிறகு அடிக்கடி நனைக்கிறான், மலம் கழிக்க வைக்கும் குட்டி சீட்டில் உட்கார மறுக்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடு மாறினாலே பழகியது கொஞ்சம் பின்வாங்கும். கூடவே குளிர். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் வியர்வை குறைவு, சிறுநீர் அதிகம். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலச்சிக்கல் வரும். நான் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். ஒருமுறை இறுகி வலித்தால் பிள்ளை அடக்கத் தொடங்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும். கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கிறானா? முக்குவதுபோல் தெரியும், உண்மையில் அடக்குகிறான். கொய்யா, பப்பாளி, கீரை கொடுங்கள். ரத்தம் தெரிந்தாலோ வலியில் அழுதாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். காலை இட்லி முடிந்த கையோடு உட்கார வையுங்கள், ஐந்து நிமிடம் போதும். சீட் சில்லென்றிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து வையுங்கள். பாதம் தரையில் நன்றாக ஊன்ற வேண்டும், தொங்கினால் முக்க வராது. நனைத்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். நாடா வைத்த கால்சட்டை வேண்டாம், எலாஸ்டிக் போதும். இரவு நனைப்பது வேறு விஷயம், ஐந்து வயது வரைகூட இயல்புதான்.