பிளஸ் ஒன் இயற்பியல், கணிதம்: ஒரே டியூஷன் ஆசிரியர் போதுமா?

போதும். பிளஸ் டூ பொதுத்தேர்வுதான் இலக்கு என்றால் இரண்டையும் சேர்த்து எடுக்கும் ஒருவரே உங்கள் மகளுக்கு நல்லது.

இயற்பியல் பாடம் புரிகிறது, அதில் வரும் கணக்குகளைப் போடும்போது நின்றுவிடுகிறாள் என்கிறீர்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் இது நடப்பதுதான். இயற்பியலில் இரண்டாவது அலகிலேயே வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது), வகையிடல் (ஒன்று மாறும் வேகத்தைக் காண்பது), தொகையிடல் (அதன் எதிர்ச்செயல்) வந்துவிடும். கணிதப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில். பாவம், பிள்ளைகள் அதுவரை சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டையும் எடுப்பவர் அந்தக் கணிதத்தை முன்கூட்டியே சொல்லித்தரலாம்.

மகளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள்: இடப்பெயர்ச்சி (மீட்டரில்) நேரத்தின் வர்க்கத்தைப் போல 3 மடங்கு. 2ஆவது நொடி முடிவில் திசைவேகம்? விடை நொடிக்கு 12 மீட்டர். அவள் 6 என்றால் சராசரி திசைவேகத்தை எடுத்திருக்கிறாள், வகையிடல் வரவில்லை. டெமோ வகுப்பில் ஆசிரியரிடம் இதே கணக்கை விளக்கச் சொல்லுங்கள்; 6 ஏன் தவறு என்று வரைபடம் போட்டுக் காட்டாதவர் வேண்டாம்.

ஐ.ஐ.டி. போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வான ஜே.இ.இ. எழுதுவதானால் தனித்தனி ஆசிரியர்களே சரி.