அமெரிக்கால தாவரவியல் பூங்காக்கள்ல அக்டோபர் மாசம் மெக்ஸிகோ கலை விழா நடத்துறாங்களே, டிக்கெட் எடுத்து போற அளவுக்கு அதுல என்ன இருக்கு?

கண்டிப்பா போங்க. செடி பார்க்க பூங்கா, ஓவியம் பார்க்க மியூசியம், ரெண்டையும் ஏன் ஒண்ணா போட்டு குழப்புறாங்கன்னு உங்களுக்கு தோணலாம். என்னை கேட்டா மெக்ஸிகோ கலைய பார்க்க மியூசியத்த விட தாவரவியல் பூங்காதான் சரியான எடம். அந்த ஊர் கலைல சாயம் ஒரு கள்ளிச்செடில வளர்ற பூச்சிலேர்ந்து வருது, பொம்மை செதுக்குற கட்டை ஒரு மரத்துலேர்ந்து வருது, அந்த காலத்து பேப்பர் அத்தி மரப்பட்டைலேர்ந்து வந்தது, பண்டிகையே ஒரு பூ பூக்குற சீசனோட சேர்ந்து வருது. செடிய உயிரோட பார்த்துட்டு ரெண்டடி தள்ளி அதுலேர்ந்து செஞ்ச பொருளையும் பார்க்க பூங்காலதான் முடியும்.

நான் நியூ ஜெர்சில இருக்கேன். 2015-ல நியூயார்க் பிராங்ஸ்ல இருக்கற நியூயார்க் தாவரவியல் பூங்கால மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவோட ஓவியங்களையும் தோட்டத்தையும் பத்தி பெரிய கண்காட்சி ஒண்ணு மே 16-லேர்ந்து நவம்பர் 1 வரைக்கும் நடந்துச்சு, நான் இலையெல்லாம் நிறம் மாற ஆரம்பிச்ச அக்டோபர்ல போனேன். மெக்ஸிகோ சிட்டில கொயோவாகான்னு ஒரு பகுதி, அங்கதான் ஃப்ரீடா பொறந்து வளர்ந்து கல்யாணத்துக்கு அப்புறம் கணவர், அவரும் ஓவியர்தான், டியேகோ ரிவேராவோட இருந்து 1954-ல இறந்தும் போன நீல வீடு, காசா அசூல், இன்னிக்கும் மியூசியமா இருக்கு. அந்த வீட்டு தோட்டத்ததான் பிராங்ஸ் பூங்கால இருக்கற பெரிய கண்ணாடி மாளிகைக்குள்ள திரும்ப உருவாக்கியிருந்தாங்க, பிராட்வே நாடகங்களுக்கு செட் போடுற ஸ்காட் பாஸ்க்தான் வடிவமைச்சார். அடர் நீல சுவரு, அதுக்கு முன்னாடி கள்ளி, கற்றாழை. ரிவேரா தன் பழங்கால சிலைகள வைக்கறதுக்காக தோட்டத்துல ஒரு படிக்கட்டு பிரமிடு கட்டியிருந்தார், இங்க அதே மாதிரி ஒண்ணு செஞ்சு படிக்கு படி மண் தொட்டில மெக்ஸிகோ கள்ளிச்செடிகள அடுக்கியிருந்தாங்க. அந்த நீலத்துக்கு முன்னாடி பச்சை எப்படி எடுக்கும்னு போட்டோல பார்த்தா தெரியாது, நேர்ல நின்னு பார்க்கணும்.

அதுக்கப்புறம் அதே பூங்காவோட நூலக கட்டடத்துல ஃப்ரீடா வரைஞ்ச ஒரிஜினல் ஓவியங்கள். ரெண்ட மட்டும் சொல்றேன். ஒண்ணு 1931-ல வரைஞ்ச லூதர் பர்பாங்க் ஓவியம். பர்பாங்க் கலிஃபோர்னியால ஒட்டுச்செடி, கலப்பின செடியெல்லாம் உருவாக்குன ஆளு, முள்ளில்லாத கள்ளிக்காக வருஷக்கணக்கா பாடுபட்டவர், நம்ம பரமஹம்ச யோகானந்தருக்கு நண்பர், 1926-ல இறந்ததும் அவர் வீட்டு மரத்தடிலயே புதைச்சாங்க. ஃப்ரீடா அவர இடுப்புக்கு மேல மனுஷனாவும் கீழ மரமாவும் வரைஞ்சு, மண்ணுக்கடில அந்த மரத்தோட வேரு ஒரு பொணத்துலேர்ந்து சத்து எடுக்கற மாதிரி காட்டியிருப்பாங்க, கைல பெரிய இலையுள்ள ஒரு செடி. இன்னொண்ணு 1940-ல வரைஞ்ச சுயஉருவம், கழுத்துல முள் மாலை, அதுல செத்த ஹம்மிங்பேர்ட் குருவி ஒண்ணு தொங்கும், ஒரு தோள்கிட்ட குரங்கு, இன்னொரு தோள்கிட்ட கருப்பு பூனை, பின்னாடி முழுக்க இலை. அஞ்சு நிமிஷம் முன்னாடிதான் கண்ணாடி மாளிகைல அந்த மாதிரி பெரிய இலைகளுக்கு நடுவுல நடந்துட்டு வந்திருக்கோம், அதனால கண்ணு தன்னால அந்த இலைகளோட நரம்புக்கு போகுது, ஒவ்வொண்ணையும் எவ்வளவு கவனமா பார்த்து வரைஞ்சிருக்காங்கன்னு அப்பதான் தெரியும். 1925-ல பஸ் விபத்துல முதுகெலும்பு உடைஞ்சு, வாழ்க்கைல நிறைய காலம் கட்டில்லயும் வீட்டுக்குள்ளயும் கழிச்ச ஒருத்தங்களுக்கு வீட்டு தோட்டம்னா என்னவா இருந்திருக்கும்னு அந்த எடத்துல நல்லாவே புரிஞ்சுது.

இந்த மாதிரி பெரிய கண்காட்சி எப்பவாவது ஒரு தடவைதான் வரும், சான் அன்டோனியோ தாவரவியல் பூங்கால 2021-ல ஃப்ரீடா தோட்டத்த வச்சு ஒண்ணு பண்ணாங்க. ஆனா வருஷா வருஷம் அக்டோபர் கடைசில மெக்ஸிகோ விழா நடத்துற பூங்காக்கள் தென்மேற்கு மாநிலங்கள்ல நிறைய இருக்கு. அப்படி ஒரு விழாக்கு அரிசோனால இருக்கற ஃப்ரெண்டு வீட்டுக்கு போனப்ப போனேன், என் மனசுல அதிகமா நின்னது அங்க பார்த்த ஒரு சாயம்தான்.

மெக்ஸிகோவோட ஓஹாக்கா மாநிலத்துலேர்ந்து வந்த ஒரு நெசவுக்கார அம்மா, முன்னாடி மேஜைல ஒரு சப்பாத்திக்கள்ளி மடல். அதுல வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி திட்டு திட்டா இருக்கும், நம்ம ஊர் வேலி ஓரத்து சப்பாத்திக்கள்ளிலயும் இத பார்க்கலாம். அது பஞ்சு இல்ல, உள்ள கோச்சினீல்ங்கற பூச்சி இருக்கு. அந்த அம்மா காய்ஞ்ச பூச்சி நாலஞ்ச உள்ளங்கைல போட்டு விரலால நசுக்கி ரெண்டு சொட்டு தண்ணி விட்டாங்க, கை முழுக்க ரத்த செவப்பு. எலுமிச்சை பிழிஞ்சாங்க, அது ஆரஞ்சா மாறிச்சு. சோடா உப்பு ஒரு சிட்டிகை தூவினாங்க, ஊதா. மூணு கலரும் ஒரே கைல, ஒரு நிமிஷத்துக்குள்ள, கெமிஸ்ட்ரி கிளாஸ்ல ஆசிட் பேஸ்னு படிச்சது அங்க உள்ளங்கைல நடக்குது. ஒரு பவுண்டு சாயத்துக்கு கிட்டத்தட்ட 70,000 பூச்சி வேணும். ஸ்பெயின்காரன் மெக்ஸிகோவ பிடிச்சப்புறம் வெள்ளிக்கு அடுத்து அங்கேர்ந்து அள்ளிட்டு போன பெரிய ஏற்றுமதி இதுதான், ஐரோப்பால ராஜாக்களோட பட்டும் பிரிட்டிஷ் ஆபீசர்களோட செவப்பு கோட்டும் இந்த பூச்சிலதான் செவந்துச்சு.

இதுக்கும் நம்ம மெட்ராசுக்கும் நேரடி தொடர்பு இருக்கு. ஸ்பெயினோட ஏகபோகத்த உடைக்கணும்னு கிழக்கிந்திய கம்பெனி இந்த செவப்புக்கு அலைஞ்சப்ப, 18-ஆம் நூற்றாண்டோட கடைசில ஜேம்ஸ் ஆண்டர்சன்ங்கற கம்பெனி டாக்டர் சைதாப்பேட்டைல சப்பாத்திக்கள்ளிக்குன்னே தனியா ஒரு தோட்டம் போட்டார். 1795-ல பிரேசில்லேர்ந்து பூச்சியும் வந்துச்சு, ஆனா வந்தது நல்ல சாயம் தர்ற வளர்ப்பு வகை இல்ல, காட்டு வகை. சாயம் சரியா வரல, அந்த பூச்சி பரவி கள்ளியதான் காலி பண்ணிச்சு. சைதாப்பேட்டை வழியா பஸ்ல போறவங்க யாருக்காவது இந்த கதை தெரியுமா? பள்ளிக்கூட பாடத்துல இருக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது பூ. விழா முழுக்க துலுக்க சாமந்தியா கொட்டி கெடக்கும், அங்க செம்பசூச்சில்னு சொல்றாங்க. இதோட சொந்த ஊரே மெக்ஸிகோதான், அமெரிக்க கண்டத்துலேர்ந்து மிளகாய், தக்காளி வந்த மாதிரி இதுவும் கடல் தாண்டி வந்து நம்ம மாலைல ஏறிடுச்சு. பகல் நேரம் குறையறப்ப நல்லா பூக்கும், மழைக்காலம் முடிஞ்சு அக்டோபர் கடைசில மெக்ஸிகோல வயல் வயலா மஞ்சளா இருக்கும். அப்பதான் நவம்பர் 1, 2-ல இறந்தவங்களோட நாள் வருது, முதல் நாள் இறந்த குழந்தைகளுக்கு, ரெண்டாவது நாள் பெரியவங்களுக்கு. ஒஃப்ரெண்டான்னு படி படியா மேடை அமைச்சு நம்ம படையல் மாதிரியே போட்டோ, பிடிச்ச சாப்பாடு, தண்ணி, உப்பு, மெழுகுவத்தி எல்லாம் வைப்பாங்க, வாசல்லேர்ந்து மேடை வரைக்கும் பூ இதழ தூவி வழி போடுவாங்க. தண்ணி எதுக்குன்னு கேட்டேன், அவ்ளோ தூரம் வந்தவங்களுக்கு தாகமா இருக்காதான்னு ஒரு பாட்டி சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் படத்துக்கு முன்னாடி ஒரு மூக்கு கண்ணாடி, பாதி காலியான சிகரெட் பாக்கெட், ஒரு டொமினோ செட்டு. பக்கத்துல மண் கலயத்துல கோப்பால்ங்கற பிசின் புகைஞ்சுட்டு இருந்துச்சு, நம்ம குந்திரிக்கம் வர்ற மரமும் கோப்பால் மரமும் ஒரே தாவர குடும்பம்.

அந்த கோப்பால் மரத்து கட்டைலதான் ஓஹாக்கா ஊர்கள்ல அலெப்ரிஹே பொம்மை செதுக்குறாங்க, ரெக்கை வச்ச முயல், கொம்பு வச்ச பல்லின்னு இஷ்டத்துக்கு கலந்த மிருகம், உடம்பு முழுக்க புள்ளி புள்ளியா பெயிண்ட். ஆரம்பிச்சது மெக்ஸிகோ சிட்டில பெட்ரோ லினாரெஸ்ங்கற பேப்பர் கூழ் கலைஞர், 1936 வாக்குல காய்ச்சல்ல கெடந்தப்ப கனவுல வந்த மிருகங்கள செஞ்சார்னு சொல்வாங்க, கட்டைல செதுக்கறது அப்புறம் வந்தது. குழந்தைங்கள கூட்டிட்டு போனா அவங்க இங்கேர்ந்து நகரவே மாட்டாங்க.

மொனார்க் பட்டாம்பூச்சிக்குன்னு தனி தோட்டம் இருந்தா அத விட்றாதீங்க. கனடா, வடக்கு அமெரிக்காலேர்ந்து பறந்து மெக்ஸிகோ மலைக்காட்டுக்கு அது போய் சேர்றது சரியா இந்த பண்டிகை சமயத்துல, அதனால இறந்தவங்கதான் பட்டாம்பூச்சியா வர்றாங்கன்னு மெக்ஸிகோவோட மிச்சோவாகான் மாநிலத்து பக்கம் ஒரு நம்பிக்கை. அதோட புழு திங்கறது நம்ம எருக்கு குடும்பத்து செடி, நம்ம ஊர்ல எருக்குல வளர்ற வெந்தய வரியன் இதுக்கு சொந்தக்கார பூச்சிதான்.

இறந்தவங்களோட நாள்ங்கறது பேய் வேஷம் போடுற ஹாலோவீன் இல்ல. மண்டையோட்டு மேக்கப் பார்த்து அப்படி தோணலாம், ஆனா மேடைல இருக்கற படங்கள் உண்மையான குடும்பத்தோட உண்மையான ஆளுங்க, அதனால பொருள தொடாதீங்க, போட்டோ எடுக்கணும்னா பக்கத்துல நிக்கறவங்கள ஒரு வார்த்தை கேளுங்க. சில பூங்காக்கள்ல பொது மேடை வச்சு யார் வேணா தங்களோட ஆளுங்க படத்த வைக்கலாம்னு விடுவாங்க, நான் எங்க தாத்தா படத்த வச்சேன், பக்கத்துல இருந்தவங்க அவர் பேர கேட்டு தெரிஞ்சுக்கிட்டாங்க.

சாப்பாடு: சைவமா இருந்தா தமாலே (சோள மாவ மடிச்சு வேகவைக்கறது), பீன்ஸ் ரெண்டுலயும் பன்றி கொழுப்பு இருக்கான்னு கேட்டுட்டு வாங்குங்க, பழைய முறைல சேர்ப்பாங்க. சப்பாத்திக்கள்ளி மடல முள் சீவி வதக்கி வைக்கற நோபால் டாக்கோ சூப்பரா இருக்கும். பான் தெ முயெர்தோங்கற இனிப்பு ரொட்டிய சூடான சாக்லேட்டோட சாப்பிடுங்க.

எப்ப போறதுன்னா, டேலியா பார்க்கணும்னா (மெக்ஸிகோவோட தேசிய மலர் அதுதான்) வடக்கு மாநிலங்கள்ல அக்டோபர் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள போயிடுங்க, முதல் உறைபனி விழுந்துச்சுன்னா ஒரே ராத்திரில கருகிடும். ஒஃப்ரெண்டா, நடனம், நெசவு எல்லாம் வேணும்னா கடைசி வாரக்கடைசி, ஆனா செம கூட்டமா இருக்கும், காலைல தெறந்த உடனே போயிடுங்க.