சீனத்துப் பழைய தத்துவப் பள்ளிகள்: கேள்வி பதில்

கே: 'நூறு பள்ளிகள்' என்கிறார்களே ஐயா, அத்தனை இருந்தனவா?

ப: அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆறாக வகுத்தவர் கி.மு. 110இல் இறந்த ஹான் வம்ச அரசவை அலுவலர், சிமா டான் என்பவர். யின்-யாங், கன்பூசியர், மோசியர், பெயராய்வாளர், சட்டவாதிகள், தாவோயியர் என்பது அவர் பட்டியல். இவற்றில் கன்பூசியரும் மோசியரும்தான் குரு, சீடர் என்று கூட்டமாக இயங்கியவர்கள். மற்ற நான்கும் பெரும்பாலும் பின்னால் ஒட்டிய பெயர்கள். தாவோயியர் என்று சேர்த்துச் சொல்லப்படும் லாவோசியும் சுவாங்சியும் ஒரே மடத்துக்காரர்கள் என்று நினைத்துப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கே: எல்லாரிடமும் அன்பு காட்டச் சொன்ன மோசியருக்குப் போர்க்கலை எதற்கு?

ப: அவர்கள் எதிர்த்தது படையெடுப்பை. தாக்கப்படும் சிறு நாட்டைக் காப்பது அவர்களுக்குக் கடமை. மோசி நூலின் கடைசி அதிகாரங்கள் முழுக்கக் கோட்டைக் காவல்தான். எதிரி சுரங்கம் தோண்டி வருகிறானா என்று கண்டுபிடிக்கும் முறையைப் பாருங்கள். மதிலின் உட்புறம், அடிவாரத்தை ஒட்டி, ஐந்து தப்படிக்கு ஒரு கிணறு, அதாவது சுமார் 7 மீட்டருக்கு ஒன்று. மேட்டு நிலமென்றால் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆழம்; பள்ளமென்றால் நீர் ஊறியபின் மூன்று சீன அடியோடு நிறுத்த வேண்டும். 80 லிட்டர் அளவுள்ள மண்சாடியின் வாயை மெல்லிய தோலால் இறுகக் கட்டி உள்ளே இறக்கி, கூர்மையான காதுடையவனைச் சாடிமேல் குனிந்து கேட்க வைப்பார்கள். திசை தெரிந்ததும் எதிர்ச்சுரங்கம் வெட்டி, துருத்தியால் புகையை ஏற்றுவார்கள். அன்பைப் பற்றிய அதிகாரங்களோடு இவற்றையும் படிக்காதவர் மோசியைப் பாதிதான் படித்திருக்கிறார்.

கே: அண்ணா, 'வெள்ளைக் குதிரை குதிரையல்ல' என்றது யார்?

ப: பெயராய்வாளர் கொங்சுன் லோங். விளையாட்டுப் பேச்சு மாதிரி இருந்தாலும், நிறம் குறிப்பதும் வடிவம் குறிப்பதும் வேறு என்பதே வாதத்தின் அச்சு.

கே: சட்டவாதிகள் ஆட்சியில் வேலைக்குத் தாமதமாக வந்தாலே தலை போகுமாமே?

ப: சட்டத்தையும் தண்டனையையும் நம்பிய சட்டவாதிகளின் வழியில் ஆண்டது சின் அரசு. அதற்கு எதிரான கி.மு. 209 கலகத்தை ஒட்டிய கதை அது: படைப்பணிக்குப் போகையில் மழையால் தாமதித்தவர்களுக்கு மரண தண்டனை என்று. ஆனால் 1975இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுய்ஹுதியில், ஒரு சின் அதிகாரியின் கல்லறையில் கிடைத்த மூங்கில் ஏடுகள் வேறு சொல்கின்றன. கட்டாய வேலைக்கு 3 முதல் 5 நாள் தாமதமென்றால் கண்டிப்பு. 6 முதல் 10 என்றால் ஒரு கேடயம் அபராதம். அதற்கு மேல் ஒரு கவசம். மழை பெய்தால் விலக்கு! படைப்பணி விதி வேறாக இருந்திருக்கலாம். அதற்காக இளகிய சட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சின் நாட்டு அமைச்சரான சட்டவாதி ஷாங் யாங் குடும்பங்களை ஐந்து, பத்தாகக் கட்டி, ஒருவர் குற்றத்துக்கு மற்றவரையும் பொறுப்பாக்கினார். குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காதவனுக்கு இடுப்பை வெட்டும் தண்டனை. கொடுமை அங்கே இருக்கிறது.

கே: எதில் தொடங்கலாம்?

ப: பலரும் லாவோசியின் பெயரில் உள்ள 'தாவோ தெ சிங்'கைச் சொல்வார்கள், 81 சிறு அதிகாரங்கள்தானே என்று. எதிராளி யாரென்று தெரியாமல் அதைப் படித்தால் பொன்மொழித் தொகுப்பாகிவிடும். முதலில் கன்பூசியஸின் உரையாடல்களில் 2 முதல் 9 வரையுள்ள பகுதிகள். பத்தாவது அவருடைய நடையுடை பாவனைகள், பிறகு பார்க்கலாம். அடுத்து மோசியின் படையெடுப்புக் கண்டனம். அதன்பின் லாவோசி. சட்டவாதி ஹான் ஃபெய்யைக் கடைசியில் வையுங்கள். முந்தைய எல்லாரையும் அவர் வம்புக்கு இழுப்பவர்.