மூன்று பேருக்கு எத்தனை சைக்கிள்?

மதுரை அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பசுமலையில் வேலை, ஒருவழிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். சைக்கிளில் போக ஆசை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்குக் கோரிப்பாளையம் பக்கம் பள்ளிக்கூடம். அப்பாவுக்கு 68 வயது, காலையில் உழவர் சந்தைக்குப் போவார். அவருடைய 22 இஞ்ச் சைக்கிளில் இப்போது காலைத் தூக்கிப் போட முடியவில்லை. 21 கியர் சைக்கிள் ஒன்று வாங்கினால் மூவரும் ஓட்டலாம் என்கிறார் கடைக்காரர். சரிவருமா?"

வராது. நீங்கள் 11 கிலோமீட்டர் போகிறவர், மகள் நெரிசலில் ஓட்டப் போகிறவள், அப்பா சுமையோடு திரும்புகிறவர். அதற்காக மூன்று சைக்கிள் வாங்கவும் வேண்டாம். இப்போதைக்கு ஒன்று போதும், அதுவும் கியர் இல்லாதது.

முதலில் அப்பா. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் திறந்தது உங்கள் அண்ணா நகரில்தான். அங்கிருந்து பத்துக் கிலோ காய்கறியோடு திரும்புகிறவருக்குக் குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள்தான் ஏற்றது. பெயரைப் பார்த்து அவர் கூச்சப்படலாம்; இடுப்பு எலும்பு முறிவதற்கு அது எவ்வளவோ மேல். பின்னால் கெட்டியான கேரியரும் இரண்டு கால் ஸ்டாண்டும் இருக்கட்டும். ஒற்றைக் கால் ஸ்டாண்டில் நிறுத்திச் சுமை ஏற்றினால் வண்டி சாயும். கனமான பையை ஹேண்டில்பாரில் தொங்கவிட வேண்டாம், திருப்பும்போது இழுக்கும்.

அப்பா ஆறரைக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டால், எட்டு மணிக்கு அதே சைக்கிள் மகளுக்கு. அரசுப் பள்ளி அல்லது அரசு உதவிபெறும் பள்ளி என்றால் பிளஸ் ஒன்னில் இலவச சைக்கிள் வந்துவிடும். அதுவரை இது தாங்கும். சீட் உயரம் மட்டும் இருவருக்கும் வேறு. அப்பாவுக்கு உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் படிய வேண்டும். மகளுக்கு, பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும் அளவுக்கு உயர்த்துங்கள். சீட் கம்பியில் இரண்டு இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால் தினமும் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. துப்பட்டா சிக்காமல் இருக்கச் செயின் கவரும் பின்சக்கர வலையும் கட்டாயம்.

மகள் விஷயத்தில் சைக்கிளைவிட வழிதான் எனக்குக் கவலை. ஞாயிற்றுக்கிழமை கூடவே ஓட்டிப் பழக்கிவிட்டு, 'தெரிந்துவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். திங்கட்கிழமை எட்டரை மணிக் கோரிப்பாளையம் வேறு ஊர். பள்ளி நேரத்திலேயே இரண்டு மூன்று நாள் கூடப் போங்கள். சிக்னலில் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கச் சொல்லுங்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை.

அப்புறம் நீங்கள். அப்பாவின் பழைய சைக்கிளை ஓவராயில் செய்து, டயர் டியூப், பிரேக் கட்டை மாற்றி, ஒரு மாதம் அதிலேயே போய்வாருங்கள். அதன் பெரிய சக்கரம் சின்னப் பள்ளங்களைத் தாண்டி உருளும். மழையில் மட்டும் பிரேக் சரியாகப் பிடிக்காது, மெதுவாக. மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் என்று வைத்தால் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கே கிளம்பினால் வெயிலும் பஸ்களும் குறைவு. குருவிக்காரன் சாலைப் பாலத்தில் வைகையைக் கடந்து தெப்பக்குளம் பக்கமாகப் போனால் கோரிப்பாளையமே வேண்டாம். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தால் கியர் சைக்கிள் வாங்குங்கள். மதுரைக்குள் ஏற்றம் என்றால் பாலங்கள்தான், அதற்கு ஏழு கியர் தாராளம். முன்சக்கரத்தைத் தாங்கும் கவையில் ஸ்பிரிங் வைத்தது (ஸ்பிரிங் ஃபோர்க்) வேண்டாம். நீங்கள் மிதிக்கும் வலுவில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். 35 மில்லிமீட்டர் அகல டயர், மட்கார்டு, கேரியர் இருந்தால் போதும். டியூப் வால்வையும் பாருங்கள். ஒல்லியான பிரெஞ்சு வால்வு என்றால் தெருமுனைக் கடைப் பம்ப் அதில் சேராது. பைக்கில் இருப்பது போன்ற வால்வாகக் கேளுங்கள்.

லேடீஸ் சைக்கிள் வாங்கப் போகும்போது அப்பாவையும் கூட்டிப் போங்கள். கேரியரில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்து, ஏறி இறங்கிப் பார்க்கட்டும். பணம் அதற்கப்புறம்.