இராணுவத்தைக் குறைத்தால் என் பென்சனும் குறையுமா?

கேள்வி: நான் சம்மாந்துறையைச் சேர்ந்தவன். இராணுவத்தில் 22 வருடங்கள் சேவை செய்து, 2018 மார்ச்சில் கோப்ரலாக ஓய்வுபெற்றேன். என்னைப் போலவே கோப்ரலாக இருந்து 2016இல் ஓய்வுபெற்ற நண்பருக்கு 2025 ஜூலையில் ஓய்வூதியம் கூடியது. எனக்கு ஒரு சதமும் கூடவில்லை. இராணுவத்தின் ஆட்தொகையைக் குறைக்கிறார்கள், இனிப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தையும் வெட்டுவார்கள், பழைய ஆட்களின் பென்சனில்தான் முதலில் கை வைப்பார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். இங்கே டவுனில் ஒருவர், என் கோவை கொழும்பில் தேங்கிக் கிடப்பதாகவும் 35,000 ரூபாய் தந்தால் நகர்த்தித் தருவதாகவும் சொல்கிறார். அடையாள அட்டைப் பிரதி கொடுத்துவிட்டேன். இப்போது ஏ.டி.எம். அட்டையையும் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: சகோதரரே, அந்த அட்டையைக் கொடுக்காதீர்கள். 35,000 ரூபாயையும் கொடுக்காதீர்கள். உங்கள் கோவை எங்கும் தேங்கிக் கிடக்கவில்லை. நீங்கள் எழுதிய திகதிகளைப் பார்த்தாலே அது தெரிகிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் பெரிய பயத்தைப் பார்ப்போம்.

2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சுக்கு 442 பில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு மீண்டெழும் செலவு. அதாவது சம்பளம், சாப்பாடு, சீருடை, எரிபொருள் போன்ற மாதாந்தச் செலவுகள். வரவு செலவு மதிப்பீட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் ஓர் இலக்கம் உண்டு. அதைச் செலவுத் தலைப்பு என்பார்கள். இராணுவத்துக்கு 222, கடற்படைக்கு 223, விமானப்படைக்கு 224. நீங்கள் சீருடையில் இருந்த காலமெல்லாம் உங்கள் சம்பளம் 222இலிருந்து வந்தது. ஓய்வுபெற்றதும் உங்கள் பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டு 253ஆம் தலைப்புக்குப் போய்விட்டது. அது ஓய்வூதியத் திணைக்களத்தின் இலக்கம். கல்முனையில் ஓய்வுபெற்ற ஆசிரியை, மட்டக்களப்பில் ஓய்வுபெற்ற தபாற்காரர், அம்பாறையில் ஓய்வுபெற்ற தாதி எல்லோருக்கும் பணம் வருவது அந்தத் தலைப்பிலிருந்துதான். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்கள் அதில் இருக்கிறார்கள். நீங்கள் அவர்களில் ஒருவர். ஆகவே பாதுகாப்புக்கான ஒதுக்கீட்டைப் பாராளுமன்றத்தில் கூட்டினாலும் குறைத்தாலும் அது உங்கள் வங்கிக் கணக்கைத் தொடாது.

ஆட்குறைப்பு உண்மைதான். 2023 ஜனவரியில் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சராக இருந்த பிரமித பண்டார தென்னகோன் அதை அறிவித்தார். அப்போது 200,783 ஆக இருந்த இராணுவ ஆட்தொகை 2024இல் 135,000 ஆகவும் 2030இல் 100,000 ஆகவும் குறைக்கப்படும் என்றார். ஆனால் இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சேவைக்காலம் முடித்து ஒருவர் வீடு திரும்பினால் 222இல் ஒரு சம்பளம் குறைகிறது, 253இல் ஓர் ஓய்வூதியம் கூடுகிறது. பணம் வலது பையிலிருந்து இடது பைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இராணுவம் சுருங்கச் சுருங்க ஓய்வூதியச் செலவு சில ஆண்டுகளுக்கு ஏறுமுகமாகவே இருக்கும். ஆட்களைக் குறைத்த மறுநாளே திறைசேரி நிறைந்துவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள்.

இனி நண்பருக்குக் கூடியது, உங்களுக்கு ஏன் கூடவில்லை?

2016இல் வெளிவந்த 3/2016 இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கை அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தை ஒரே தடவையில் உயர்த்தவில்லை. 2016, 2017, 2018, 2019, 2020 என ஐந்து படிகளாக உயர்த்தியது. முப்படையினரும் பொலிசாரும் அந்தச் சுற்றறிக்கைக்குள்தான் வந்தார்கள். ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணிக்கப்படுவதால், 2016இல் போனவருக்கு முதற்படிச் சம்பளத்தில் பென்சன், 2018இல் போனவருக்கு மூன்றாம் படிச் சம்பளத்தில் பென்சன், 2020இல் போனவருக்கு முழுச் சம்பளத்தில் பென்சன் என்று ஆகிவிட்டது. ஒரே பதவி, ஒரே சேவைக்காலம், ஆனால் கையில் வெவ்வேறு தொகை. இந்த அநீதியைத் தீர்க்கிறோம் என்று முன்னர் எடுத்த முயற்சி 2020 தொடக்கத்தில் இடைநிறுத்தப்பட்டது. முதியவர்கள் கொழும்பு வீதிகளில் பதாகை பிடித்து நின்ற பிறகுதான் மீண்டும் கவனித்தார்கள்.

2025 பெப்ரவரி 17ஆம் திகதி சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் இதை மூன்று கட்டங்களாகச் சரிசெய்வதாக ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அறிவித்தார். 2018 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களை 2018ஆம் ஆண்டுச் சம்பளப் படிக்குக் கொண்டுவருவது முதற்கட்டம், 2025 ஜூலை. 2019 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களை 2019ஆம் ஆண்டுப் படிக்குக் கொண்டுவருவது இரண்டாம் கட்டம், 2026 ஜூலை. 2020 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களை 2020ஆம் ஆண்டுப் படிக்குக் கொண்டுவருவது மூன்றாம் கட்டம், 2027 ஜூலை.

உங்கள் நண்பர் 2016இல் போனவர். அவரை 2018ஆம் ஆண்டுப் படிக்கு ஏற்றினார்கள். நீங்கள் 2018 மார்ச்சில் போனவர். ஓய்வுபெற்ற நாளிலேயே அந்தப் படியில் இருந்தீர்கள். ஏற்ற வேண்டிய அவசியம் முதற்கட்டத்தில் இல்லை. இரண்டாம் கட்டத்தில் உங்கள் நண்பருக்கும் உங்களுக்கும் சேர்ந்தே கூடும், மூன்றாம் கட்டத்திலும் அப்படியே. இதற்கு விண்ணப்பம் இல்லை, சிபாரிசு இல்லை, கொழும்பில் நகர்த்த எந்தக் கோவையும் இல்லை.

ஒரு விடயத்தை மட்டும் நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். பலர் இதில்தான் குழம்புகிறார்கள். கணக்கில் எடுக்கப்படுவது நீங்கள் முகாமை விட்டு வந்த நாள் அல்ல, சேவையிலிருந்து நீங்கியதாக ஓய்வூதியக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கும் நாள். ஓய்வுக்கு முன்னர் சேர்ந்திருந்த லீவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது படையில் வழமை. டிசம்பர் 2017இல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவர் தன்னை 2017இல் ஓய்வுபெற்றவர் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். கடிதத்தில் 2018 பெப்ரவரி என்று இருக்கும். அவருக்கு 2025 ஜூலையில் கூடாது, அது சரியான கணக்குத்தான். இதேபோல் டிசம்பர் 2018இல் வீட்டுக்கு வந்து, கடிதத்தில் 2019 ஜனவரி என்று இருப்பவருக்கு 2026இலும் கூடாது. 2027 வரை காத்திருக்க வேண்டும். நீங்களும் 2018 மார்ச் என்பது எந்தத் திகதி என்று பாருங்கள். கடிதத்தை எடுத்து வைத்து, சேவை நீங்கிய திகதிக்குக் கீழே பேனையால் ஒரு கோடு போடுங்கள். உங்கள் பென்சன் பற்றிய வாதங்களில் பாதி அந்த ஒரு வரியில் முடிந்துவிடும். கடிதத்திலேயே திகதி பிழையாக இருந்தால், உதாரணமாக 2018ஐ 2019 என்று எழுதியிருந்தால், அது மட்டும்தான் நீங்கள் உண்மையில் ஓடித்திரிந்து திருத்த வேண்டிய விடயம். இப்போதே தொடங்குங்கள், ஜூலை வரட்டும் என்று இருக்காதீர்கள்.

இனி அந்த மனிதரைப் பற்றி.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அரச அலுவலகங்களைச் சுற்றி இவர்களை நீண்ட காலமாகப் பார்த்து வருகிறேன். கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை, சட்டைப் பையில் இரண்டு பேனை, பேச்சில் கொழும்பு அதிகாரிகளின் பெயர்கள். இவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான்: எப்படியும் வரப்போகும் பணத்தின் திகதியைச் சுற்றறிக்கையில் முன்கூட்டியே படித்துவிடுகிறார்கள். ஜூலையில் கூடும் என்று தெரிந்துகொண்டு ஏப்ரலில் உங்களிடம் வருகிறார்கள். ஜூலையில் கூடியதும், ‘பார்த்தீர்களா, நான்தான் செய்து தந்தேன்’ என்கிறார்கள். நீங்கள் நன்றியோடு அடுத்தவரையும் அழைத்து வருகிறீர்கள்.

அரச ஓய்வூதியத்தில் இன்னொரு நாளும் இவர்களுக்கு நல்ல அறுவடை. ஓய்வுபெறும்போது மொத்தமாக வாங்கிய பணிக்கொடைக்காக மாத ஓய்வூதியம் குறைத்துக் கொடுக்கப்படும். பொதுவாக 10 வருடங்கள் முடிந்ததும் அந்தக் குறைப்பு நீங்கிவிடும். 10 வருடம் எப்போது முடியும் என்பதை உங்களைவிடத் தரகர் நன்றாகக் கணக்கு வைத்திருப்பார்.

ஏ.டி.எம். அட்டையைக் கேட்பதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. ஓய்வூதியத் திருத்தத்துக்கு உங்கள் அட்டை எந்த அலுவலகத்துக்கும் தேவையில்லை, இரகசிய இலக்கம் அறவே தேவையில்லை. ஆனால் ஒருவரிடம் அட்டையும் இலக்கமும் இருந்தால், 10ஆம் திகதியளவில் பென்சன் விழுந்ததும் அவர்தான் முதலில் எடுப்பார். தனக்கு வர வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உங்களிடம் தருவார். வட்டிக்குப் பணம் கொடுப்பவர்கள் ஓய்வூதியர்களின் அட்டைகளை றப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் நாலு இலக்கம் பேனையால் எழுதியிருந்தது. 20, 25 வருடம் உழைத்த ஒருவருடைய முதுமை அந்த வளையத்துக்குள் கிடந்தது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டாலும், தொலைபேசியில் அழைத்து ‘நிலுவை வந்திருக்கிறது, உங்கள் போனுக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள்’ என்றாலும் இதே கதைதான்.

தரகரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் வளர்வதற்கு இடம் கொடுப்பது நிருவாகம். சம்மாந்துறையில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒரு முன்னாள் கோப்ரலுக்கு இராணுவத்திலிருந்து வரும் கடிதம் இன்னமும் சிங்களத்தில்தான் வருகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, வாசித்துச் சொல்ல ஆள் தேடி அவர் தெருவுக்கு இறங்குகிறார். தரகர் அங்கேதான் நிற்கிறார். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழ் அரசகரும மொழி ஆகிவிட்டது. தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் ஒரு ஓய்வூதியக் கடிதத்தை இரண்டு மொழியில் அச்சிட முடியாத அலுவலகங்கள் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. மேலே நான் எழுதிய மூன்று கட்டங்களையும் ஒரு பக்கத் தமிழ் அறிவித்தலாக எல்லாப் பிரதேச செயலகச் சுவரிலும் ஒட்டியிருந்தால் உங்களிடம் 35,000 ரூபாய் கேட்க யாருக்கும் துணிவு வந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை இவைதான். ஓய்வூதியக் கடிதம், தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சம்மாந்துறைப் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவுக்கு நீங்களே போங்கள். ‘எனது ஓய்வுத் திகதி கணினியில் என்னவென்று பதிவாகியிருக்கிறது? எந்தச் சம்பளப் படியில் எனக்குக் கணித்திருக்கிறீர்கள்?’ இந்த இரண்டு கேள்வியை மட்டும் கேளுங்கள். கூட ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள், பதிலை எழுதிக்கொள்ளட்டும். உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப்பட்டதா என்பதையும் அங்கேயே உறுதிப்படுத்துங்கள். ஓய்வூதியத் திணைக்களத்தை 1970 என்ற இலக்கத்தில் அழைத்தும் கேட்கலாம்.

வாய்ப்பதில் கிடைக்காமல் அலைக்கழித்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே இரண்டு கேள்வியையும் தமிழில் எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். எந்தத் தரகரும் உங்களுக்கு இந்தச் சட்டத்தைச் சொல்லித் தரமாட்டார்.

கொடுத்துவிட்ட அடையாள அட்டைப் பிரதியை அந்த மனிதரிடமிருந்து திருப்பிக் கேளுங்கள். இனிமேல் பிரதி கொடுக்கும்போது எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் திகதியையும் அதன் குறுக்கே எழுதிவிட்டுக் கொடுங்கள். இரகசிய இலக்கத்தைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தால் இன்றே வங்கிக்குப் போய் மாற்றுங்கள். உள்ளே ஓர் அதிகாரிக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால், அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இலக்கத்துக்கு அறிவியுங்கள். உங்கள் ஓய்வூதியத்துக்கு அதனால் எந்தக் கெடுதியும் வராது.